வேப்பங்குணத்துச் சிவப்பு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலத்திற்குக் கிளைச்சாலை பிரியும் இடத்தில் அமைந்திருப்பது கூட்டேரிப்பட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு மாசி மாதத்தில், வெயில் இன்னும் கடுமை கொள்ளாத ஒரு முற்பகலில், கிருஷ்ணசாமி என்னும் விவசாயியும் அவர் மனைவி அம்சவள்ளியும் அங்கே பேருந்தைவிட்டு இறங்கினர். இருவர் கைகளிலும் எவர்சில்வர் தூக்குகள் தொங்கின. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என ஒவ்வொரு தூக்கிலும் ஒவ்வொரு வகை இருந்தது. வழியில் பேருந்து குலுங்கியபோது தயிர்ச் சோற்றுத் தூக்கின் மூடி கழன்று, அருகிலிருந்த ஒரு காவலரின் காற்சட்டையில் சிறிது சிந்திவிட்டது. அது சீமந்தச் சோறு என்று அறிந்ததும் அவர் தம் சினத்தை அடக்கிக்கொண்டு, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

அவர்களுடைய இளைய மகள் ஜெயம், சாலைச் சந்திப்பில் தேநீர்க்கடை வைத்திருந்த தேவநாதனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அன்று அவளுக்குச் சீமந்தம். அப்பகுதியின் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டுக்கு உரியது. ஒன்பதாம் மாதத்தில் புகுந்த வீட்டில் வளையல் அடுக்கி, தாய்வீட்டார் சுமந்துவந்த சோற்றை அனைவரும் உண்டபின், பெண்ணை அன்றே அழைத்துச் சென்றுவிட வேண்டும். பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆனபின் அவள் திரும்புவாள். இவ்வழக்கத்தை எவரும் விதி என்று சொல்வதில்லை. விதியைக் காட்டிலும் உறுதியாக அது நிலவியது.

வளையல்கள் அடுக்கப்பட்டன. இலைகள் விரிக்கப்பட்டன. எள்ளுச் சோறு முதலில் தீர்ந்தது. உண்டு முடித்தவர்கள் வெற்றிலைத் தட்டை நோக்கி நகர்ந்தபோது, அம்சவள்ளி மகளின் துணிப்பையை எடுத்தாள்.

"அந்தப் பைய வைங்க, அம்சவள்ளி" என்றாள் சம்பந்தி முனியம்மாள். கணவனை இழந்தபின் தேநீர்க்கடையை இருபது ஆண்டுகள் தனியே நடத்தி, இரு மகன்களை ஆளாக்கியவள் அவள்.

"ஏன் அண்ணி, ராவுகாலமா?"

"ராவுகாலமும் இல்ல, எமகண்டமும் இல்ல. ஜெயம் வர்றதில்ல. பிரசவம் இங்கதான்."

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு நின்றது. கிருஷ்ணசாமி தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னா சம்மந்தி, செய்முறையில எதுனா கொறையா? சொல்லுங்க."

"கொறை ஒண்ணும் இல்லண்ணே. சோறு நல்லா இருந்துச்சி, புளி மட்டும் கொஞ்சம் தூக்கல். நான் போன வாரம் திண்டிவனத்துல பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். சுகாதாரத்துக்காரங்க ஒரு கொட்டாய் போட்டு, சுவரு அளவுக்குப் படம் மாட்டி வச்சிருந்தாங்க. ஊரு ஊரா கலரு. கைல குச்சி வச்சிக்கினு ஒருத்தரு வெளக்கம் சொல்றாரு. கைக்கொழந்தைங்க அதிகமா சாவுற ஊரு செவப்பு, கம்மியா சாவுற ஊரு வெள்ளையாம். நான்தான் கெத்தா கேட்டேன், எங்க சம்மந்தி ஊரு வேப்பங்குணம், அத காட்டு தம்பின்னு. காட்னாரு. ரத்தமாட்டம் கெடக்குது."

"எந்த ஊர்லதான் புள்ளைங்க சாவல?" என்றார் கிருஷ்ணசாமி.

"அதான் எந்த ஊர்ல எத்தினின்னு எண்ணி வச்சிருக்காங்களே. பொதுக் கெணத்துத் தண்ணியாலன்னு சொன்னாரு."

"நாங்க பொதுக் கெணத்துல எடுக்கறதே இல்லயே. எங்க மோட்டாரு கொட்டாய் தண்ணி."

"படத்துல ஊருதாண்ணே செவப்பா கெடக்குது. உங்க ஊட்ட மட்டும் தனியா வெள்ளை அடிச்சி உட்டிருக்காங்களா?"

யாரோ ஒருத்தி சிரித்தாள். பின்பு இருமலாக மாற்றிக்கொண்டாள். தேவநாதன் மாமனாரையும் தாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "கடையில பால் காஞ்சிக்கினு கெடக்குது" என்று எழுந்து சென்றான்.

முனியம்மாளின் மூத்த மருமகள் சின்னபொண்ணு எச்சில் இலைகளைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைப்பிள்ளை, காணை என்னும் ஊரிலுள்ள அவள் தாய்வீட்டில் பிறந்து, ஒன்பதாம் நாள் இறந்துபோயிருந்தது. அதற்குப் பின் அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. அந்தச் செய்தி அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஆகையால் எவரும் அவளைப் பார்க்கவில்லை.

"தலைப்பிரசவத்துக்கு அனுப்பலன்னா ஊரு இன்னா பேசும் அண்ணி?" என்றாள் அம்சவள்ளி. அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"பேசட்டும். நாலு நாளு பேசும், அப்பறம் வேற எவளாவது கெடைப்பா."

"அவள ஒரு வார்த்த கேளுங்களேன்."

எல்லோரும் ஜெயத்தை நோக்கினர். முழங்கைவரை கண்ணாடி வளையல்களுடன் அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எனக்குக் காலு கடுக்குது. எந்த ஊரா இருந்தாலும் மொதல்ல ஒக்கார வைங்க" என்றாள்.

வெறுமையான தூக்குகளுடன் இருவரும் மாலைப் பேருந்தில் திரும்பினர். சீமந்தத்திற்குச் சென்ற தாய் மகளின்றி வருவதை வேப்பங்குணம் அதற்குமுன் கண்டதில்லை. "நாளு நல்லா இல்ல, அடுத்த வாரம் அழைச்சிக்கினு வர்றோம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே அம்சவள்ளி வீடு வந்து சேர்ந்தாள். அன்று அவள் விளக்கை ஏற்றினாள், உலை வைக்கவில்லை.

அந்தப் படத்தை வரைவித்தவர் மருத்துவர் மாசிலாமணி. சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் குழுவுக்குத் தலைவராகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தார். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களின் ஊர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பொதுக்கிணற்று நீரை மிகுதியாகப் பயன்படுத்தும் ஊர்களில் கைக்குழந்தைகளின் இறப்பும் மிகுதியாக உள்ளதா என்று காண்பது அவ்வாய்வின் நோக்கம். நோயுற்ற ஒவ்வொருவரையும் தேடிச்செல்லாமல், ஊர் முழுவதையும் ஓர் உடலாகக் கொண்டு நாடி பார்க்கும் முறை அது. செலவு குறைவு, விரைவில் முடியும், அடிபம்பு எங்கே போடலாம் என்று அரசுக்குச் சொல்வதற்கு ஏற்றது.

கிருஷ்ணசாமியும் அம்சவள்ளியும் இரண்டு நாள் கழித்து அவரிடம் சென்றனர். வாடகைக் கட்டிடத்தின் மாடியில் அலுவலகம் இருந்தது. மருத்துவர் அவர்களை அமரச் செய்து, வந்த காரியத்தைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஐயா, இது ஊரைப் பத்தின கணக்கு. உங்க வீட்டைப் பத்தி இது எதுவுமே சொல்லாது" என்றார். "ஒரு ஊருக்குச் சராசரி மழை இத்தனைன்னு சொல்றோம். அதை வச்சு யாரு நனைஞ்சாங்க, யாரு நனையலன்னு சொல்ல முடியுமா?"

"எங்க ஊர்ல மழ பேஞ்சா எல்லா கூரை மேலயும்தான் சார் பேயும்."

மருத்துவர் சிரித்துவிட்டார். தம் உவமை பொருந்தவில்லை என்பது அவருக்கே விளங்கியது.

"வீட்டுக்குச் சொல்லாத கணக்க, வீட்டுக்காரங்க பாக்கற எடத்துல ஏன் சார் மாட்னீங்க?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

கிருஷ்ணசாமி முந்திக்கொண்டார்.

"செத்ததெல்லாம் காலனிப் பக்கம்தாங்க. ஊர்ப் பக்கம் அவ்வளவா இல்லைங்க."

"காலனி உங்க ஊர் இல்லையா?"

கிருஷ்ணசாமி தரையைப் பார்த்தார்.

"சரி, உங்க வீட்டையே எடுத்துப்போம்" என்றார் மருத்துவர், பேச்சை இலகுவாக்கும் பொருட்டு. "போன அஞ்சு வருஷத்துல எத்தனை குழந்தை பிறந்தது?"

"ஒண்ணும் இல்லைங்க. மவன் இல்ல, மருமவ இல்ல. எங்கேர்ந்து பொறக்கும்?"

"இன்னா இப்டி சொல்றீங்க?" என்றாள் அம்சவள்ளி. "பெரியவளுக்கு ரெண்டும் நம்ம நடு ரூம்லதான பொறந்துது. நீங்கதான நர்சம்மாவக் கூப்புட ஓடுனீங்க, செருப்பு கூட போடாம."

"அது அவள கட்டிக் குடுத்த செஞ்சிக்காரங்க புள்ளைங்கடி. நம்ம ஊட்டுக் கணக்குல எப்டி வரும்?"

மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார்.

"எங்க ஆளுங்க வீடு வீடா வந்து கேட்டப்பவும் இதையேதான் சொன்னீங்களா?"

"ஆமாங்க. யாரு ஊட்டுப் புள்ளையோ அவங்க சொல்லுவாங்க. நாம சொன்னா ரெண்டு தடவ ஆயிடுமே."

"ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ரெண்டுல ஒண்ணு உங்க வீட்டுல இருக்கும்போதே தவறியிருந்தா?"

அம்சவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிருஷ்ணசாமி, "சாவு எந்த ஊர்ல உயுதோ அந்த ஊர்லதான சார் எயுதணும். தலையாரி வந்து கேட்டுக்கினு போவாரு" என்றார்.

மருத்துவர் எழுந்து சன்னலருகே சென்று நின்றார். பிறப்புகளை அவருடைய குழு வீடுதோறும் கேட்டுத் திரட்டியிருந்தது. ஒவ்வோர் ஊராரும் தம் மருமகள்கள் பெற்ற பிள்ளைகளை மட்டுமே சொல்லியிருந்தனர். இறப்புகளையோ ஊர்ப் பதிவிலிருந்து எடுத்திருந்தது. அவற்றில் பிரசவத்திற்கு வந்திருந்த மகள்களின் பிள்ளைகளும் அடங்கியிருந்தனர். வேப்பங்குணத்தில் சவுரியம்மாள் என்னும் அரசு நர்சு குடியிருந்தபடியால், அவ்வூர் மகள்கள் ஒருவர் தவறாமல் அங்கே வந்து பெற்றனர். கடினமான பிரசவம் என்று அஞ்சியவர்கள் அயலூர்களிலிருந்தும் உறவு சொல்லிக்கொண்டு வந்தனர். நெடுஞ்சாலை ஊர்களிலோ பலர் திண்டிவனம் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டனர். அங்கே இறந்த பிள்ளைகள் நகரத்தின் கணக்கில் சேர்ந்தன. நர்சு இருந்த ஊர் சிவந்திருந்ததற்குக் காரணம் அதுவே.

"என் மனைவியும் மதுரையில அவ அம்மா வீட்டுலதான் பெத்தா" என்றார் அவர், தமக்குத்தாமே சொல்வதுபோல. "தெரிஞ்ச விஷயம்தான்."

"அப்ப எங்க ஊரு செவப்பு இல்ல" என்றார் கிருஷ்ணசாமி.

"குறையும்னு நினைக்கிறேன். முழுசா போகாது. காலனிக் கிணறு மோசம்தான், அதுல மாத்தம் இல்ல. அங்க அடிபம்பு வந்தாகணும்."

கிருஷ்ணசாமி தலையசைத்தார். அவர் எழுந்துகொள்ள முற்பட்டபோதும் அம்சவள்ளி அமர்ந்தே இருந்தாள்.

"நீங்க கணக்க அப்பறம் திருத்திக்குங்க சார். படத்தப் பாத்துட்டுப் போனவங்களுக்கு யாரு போயி சொல்றது? எம் பொண்ணுக்கு மாசம் நெருங்கிக்கினு கீது."

அடுத்த நாள் பிற்பகல், மூவரும் கூட்டேரிப்பட்டுக்குச் சென்றனர். கடையில் வாடிக்கையாளர் குறைந்திருந்த நேரம். முனியம்மாள் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். மருத்துவருக்குத் தனியாக ஒரு நாற்காலி போடப்பட்டது. தேவநாதன் தேநீரை உயரத் தூக்கி ஆற்றி, அதிக நுரையுடன் கொண்டுவந்து வைத்தான். சின்னபொண்ணு உட்கதவருகே அமர்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெயம் அவளுக்குப் பின்னால் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். முனியம்மாள் சீவுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அதாவது, பொறந்தது மாமியா ஊட்டுக் கணக்கு, செத்தது அம்மா ஊட்டுக் கணக்குன்னு ஆயிப்போச்சி."

"அதேதான்மா."

"இவ்ளோ படிச்சிக்கினு இத கோட்ட உட்டீங்களே தம்பி."

"விட்டுட்டேன்."

"பரவால்ல. டீ ஆறுது, குடிங்க." அவள் அடுத்த வாழைக்காயை எடுத்தாள். "எங்க ஊட்லயும் வந்து கேட்டாங்க. மூத்தவனுக்கு ஒரு ஆம்பள புள்ள பொறந்துதுன்னு நான்தான் சொன்னேன். எங்க ஊட்டுப் புள்ள ஆச்சே, சொல்லாம இருப்பனா? ஆனா அது செத்தது காணையில. அது உங்க படத்துல எங்க கீது?"

"இறப்பு காணைக் கணக்குல இருக்கும்மா."

"பொறப்பு?"

"இங்க."

முனியம்மாள் கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"அப்ப உங்க கணக்குல அவன் இங்க பொறந்தான். சாவவே இல்ல."

உட்கதவருகே அரிசித் தட்டின் சலசலப்பு நின்றிருந்தது.

"அவன எங்க ஊர்லயே போடுங்க" என்றாள் முனியம்மாள்.

"போட்டா கூட்டேரிப்பட்டு இவ்வளவு வெள்ளையா இருக்காதும்மா. இவன் மாதிரி இன்னும் நாலு பேர் வருவாங்க."

"வரட்டும். அவங்கள எல்லாம் அடுத்த ஊர்ல உட்டுட்டு நாங்க மட்டும் வெள்ளையா இருந்து இன்னா பண்ணப் போறோம்?"

"அவனுக்குப் பேரு வச்சிருந்தோம் சார்" என்றாள் சின்னபொண்ணு. அவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் அவள் வாய் திறந்து அதுவரை எவரும் கேட்டதில்லை. "வேங்கடேசன்."

அந்த ஆய்வில் பெயர்களுக்கு இடமில்லை. எனினும் மருத்துவர் பையிலிருந்து தாளை எடுத்து, சின்னபொண்ணு பார்க்கும்படியாக அப்பெயரை எழுதினார். அவள் எழுத்தறியாதவள், எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்து, மீண்டும் அரிசித் தட்டை எடுத்துக்கொண்டாள்.

அம்சவள்ளி முனியம்மாள் அருகே தரையில் அமர்ந்து, மீதியிருந்த வாழைக்காயை எடுத்துச் சீவத் தொடங்கினாள்.

"தடியா சீவுறீங்க" என்றாள் முனியம்மாள்.

"எங்க ஊர்ல இப்டித்தான் அண்ணி."

"பயம் போவல, அம்சவள்ளி. படத்தப் பாத்து வந்த பயம் இல்ல அது. அதுக்கு மின்னாடியே இருந்துது. படம் ஒரு சாக்கு."

"எனக்கு மட்டும் இல்லயா அண்ணி?"

"கொழந்தய துணியில சுத்திட்டாங்கன்னு காணையிலேர்ந்து சேதி வந்துது. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. மொகம் பாக்கல நான்." முனியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஜெயம் போவட்டும். நானும் வர்றேன்."

தேவநாதன் திரும்பிப் பார்த்தான். மகனைப் பெற்றவள், பெண் கொடுத்தவர் வீட்டில் சென்று தங்குவது வழக்கமன்று. விருந்துண்டு அன்றே திரும்புவதுதான் மதிப்பு.

"ஊரு சிரிக்கும்மா. கடைய யாரு பாக்கறது?"

"நீ கீற, உங்க அண்ணன் கீறான். மாவு கரைக்கத் தெரியாதா உனக்கு? உப்ப மட்டும் சின்னபொண்ண போடச் சொல்லு."

"வாங்க அண்ணி. எடம் கெடக்குது" என்றாள் அம்சவள்ளி.

"எடம் கெடக்கட்டும். தண்ணிய நான்தான் காச்சுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

பாயில் கிடந்த ஜெயம், "ரெண்டு பேரும் சண்ட போடாம இருந்தா சரி" என்று கண்ணைத் திறவாமலே சொன்னாள்.

பேருந்து நிறுத்தத்தில் கிருஷ்ணசாமி மருத்துவரை மெல்ல வினவினார்.

"எங்க ஊரு செவப்பு போனா, எந்த ஊரு சார் செவப்பாவும்?"

"எதாவது ஒண்ணு ஆகும். ஆனா இனிமே படத்துல ஊர் பேரே இருக்காது. நம்பர் மட்டும்தான்."

"அது நல்லதுங்க. நம்பருக்கு யாரும் பொண்ணு குடுக்கறதில்ல."

முனியம்மாள் வேப்பங்குணத்திற்கு வந்து சேர்ந்த பின்னர், அவ்வீட்டின் ஒழுங்கு மாறிற்று. குடிக்கும் நீரும் குளிக்கும் நீரும் கொதித்த பிறகே புழங்கின. விறகு பாதியாகக் குறைந்தது. கேப்பைக் கூழ் நீர்த்திருக்கிறது என்று அவளும், குழம்பில் காரம் மிகுந்திருக்கிறது என்று அம்சவள்ளியும் நாள்தோறும் ஒருவரையொருவர் குறை கூறினர். ஊர்ப் பெண்கள் தண்ணீர்க் குடத்துடன் வந்து எட்டிப் பார்த்து, "சம்மந்தியம்மா டூட்டியில கீறாங்களா?" என்று கேட்டுச் சென்றனர். நர்சு சவுரியம்மாள் வாரம் இருமுறை வந்து ஜெயத்தின் வயிற்றில் காது வைத்துக் கேட்டாள். காலனியில் அடிபம்புக்கு இடம் குறிக்க ஆட்கள் வந்தபோது, குழாய் இறக்கிய மாட்டுவண்டி கிருஷ்ணசாமியுடையது.

பங்குனி இறுதியில், மல்லாட்டை என்று அங்கே வழங்கும் நிலக்கடலை முற்றியது. புன்செய்க் கொல்லையில் செடிகளைப் பிடுங்கிக் குவித்து, பெண்கள் வட்டமாக அமர்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தனர். அன்று காலையில் ஜெயத்திற்கு வலி கண்டது. சவுரியம்மாள் வந்தாள், நடு அறையின் கதவு சாத்தப்பட்டது. முனியம்மாள் உள்ளே சிறிது நேரம் நின்றாள். பின்பு எவரிடமும் சொல்லாமல் வெளியே வந்து, கொல்லைக்கு நடந்து, ஆய்கிற பெண்களிடையே அமர்ந்து ஒரு செடியை எடுத்தாள்.

"இன்னா சம்மந்தியம்மா, காவலுக்கு வந்தவங்க கொல்லையில ஒக்காந்துக்கினீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள் முனியம்மாள். தேநீர்க்கடைக்காரி ஆயினும் அவள் விரைவாக ஆய்ந்தாள். காய்கள் கூடையில் விழும் ஓசை இடைவிடாமல் இருந்தது. வெயில் ஏறியது. பெண்கள் கூழ் குடிக்க எழுந்தனர், அவள் எழவில்லை. வீட்டுப் பக்கம் அவள் ஒருமுறையும் திரும்பவில்லை.

நண்பகலுக்குச் சற்றுப் பின், அம்சவள்ளி வரப்பின்மீது வந்து நின்றாள். கொண்டை அவிழ்ந்திருந்தது.

"அண்ணி, வாங்க. பொண்ணு கொழந்த. நல்லாக் கத்துது. ஜெயமும் நல்லா கீறா. உங்க கையிலதான் மொதல்ல குடுக்கணுமாம், சொல்லிக்கினே இருக்கிறா."

முனியம்மாள் எழுந்து நின்று தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பின்பு மோட்டார்க் கொட்டகையை நோக்கி நடந்தாள். தொட்டியில் நீர் விழுந்துகொண்டிருந்தது. குனிந்து முழங்கைவரை கழுவினாள், மீண்டும் கழுவினாள்.

"போதும் அண்ணி. எவ்ளோ நேரம் கழுவுவீங்க? புள்ள காத்துக்கினு கீது."

"இருங்க" என்றாள் முனியம்மாள், நிமிராமலே. "நகத்துல மண்ணு கீது."